பின்லாந்து நகரங்களில் குளிர்காலப் பறவைகள்: ஒரு பயணக் குறிப்பு

புதன், ஹெல்சின்கி

ஜனவரியின் கடைசி வாரத்தில் பின்லாந்துக்கு வருகிறேன் என்றதும் நண்பர்கள் பலரும் வட துருவ ஒளியைப் பற்றியே கேட்டார்கள். நான் வந்தது குளிர்காலத்தில் பறவைகளுக்கு உணவு வைக்கும் தீனி மேடைகளைப் பார்ப்பதற்கு. பேர்ட்லைஃப் பின்லாந்து அமைப்பு 2006 முதல் ஆண்டுதோறும் ஜனவரியின் இறுதிச் சனி, ஞாயிறுகளில் ‘பிஹாபொங்காவுஸ்’ என்னும் முற்றத்துப் பறவைக் கணக்கெடுப்பை நடத்தி வருகிறது. விருப்பமுள்ள எவரும் தம் வீட்டுச் சன்னலருகே ஒரு மணி நேரம் அமர்ந்து, வந்துபோகும் பறவைகளைக் குறித்து அனுப்பலாம். அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1956–57 குளிர்காலத்தில், மற்றொரு கணக்கெடுப்பு இங்கே தொடங்கிவிட்டது. தன்னார்வலர்கள் ஏறத்தாழ பத்து கிலோமீட்டர் நீளமுள்ள தடங்களை ஆண்டுதோறும் நடந்து, கண்ணில் பட்ட பறவைகளையெல்லாம் எண்ணி, ஹெல்சின்கியின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திற்கு அனுப்புகிறார்கள். இத்தனை நீண்ட காலம் ஒரே முறையில் சேர்க்கப்பட்ட தரவு இருப்பதால்தான், குளிர்ப் பிரதேசத்து நகரங்கள் பறவைகளை என்ன செய்கின்றன என்ற கேள்விக்கு இந்நாட்டில் ஊகமாக அல்லாமல் விடை சொல்ல முடிகிறது.

குளிர்காலத்தில் இங்கே தங்கும் சிறு பறவைக்குக் குளிரைவிடக் கொடியது இரவின் நீளம். டிசம்பர் இறுதியில் ஹெல்சின்கியின் பகல் ஆறு மணி நேரம்கூட இல்லை. பதினெட்டு கிராம் எடையுள்ள ஒரு குருவி அந்தச் சிறு பகலுக்குள் தின்று சேர்க்கும் கொழுப்பை எரித்தே பதினெட்டு மணி நேர இருளைக் கடக்க வேண்டும். அதற்குள் அதன் உடல் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கரைந்துவிடுகிறது. மறுநாள் பகலில் அதை ஈடுகட்ட முடியாவிட்டால் அடுத்த இரவைத் தாண்டுவது அரிது. இந்தக் கணக்கின் மூன்று உறுப்புகளையும் நகரம் ஒரே சமயத்தில் மாற்றுகிறது. கட்டடங்களிலிருந்து கசியும் வெப்பம் சுற்றுப்புறத்தை விடச் சில டிகிரி கூடுதலான சூட்டைத் தருகிறது. தெருவிளக்குகள் இரை தேடும் நேரத்தை நீட்டிக்கின்றன. மனிதர்கள் உணவு வைக்கிறார்கள்.

இரயில் நிலையத்தின் முன்னுள்ள சதுக்கத்தில் விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பாகவே சாம்பல் முதுகுக் காகங்களும் ஜாக்டா என்னும் சிறு காகங்களும் இறங்கி நடந்துகொண்டிருந்தன. நடைபாதையில் வழுக்காமலிருக்க நகராட்சி சரளைப் பொடி தூவுகிறது. பனி மூடிய நாட்டில் வயிற்றில் உணவை அரைக்கும் அரைவைப் பைக்குத் தேவையான சிறு கற்கள் கிடைக்குமிடம் அரிது என்பதால், சிட்டுக்குருவிகள் அதிலிருந்தும் பொறுக்குகின்றன. நடந்து செல்பவர்களுக்காகச் செய்த ஏற்பாடு குருவிகளுக்கும் உதவுகிறது என்றாலும், அவற்றை மனத்தில் வைத்து யாரும் செய்ததில்லை. குளிர்கால நகரத்தின் உதவிகளில் பெரும்பகுதி இத்தகையதுதான்.

நண்பகலில் வன்தா ஆற்றின் முகத்துவாரத்திலுள்ள பழைய நகரப் பகுதிக்குச் சென்றேன். பாய்ச்சல் மிகுந்த இடமாதலால் நீர் உறைவதில்லை. டிப்பர் என்னும் கரும்பழுப்பு நிற, வெள்ளை மார்புக் குருவி பனிக்கட்டி விளிம்பிலிருந்து நீருக்குள் முழுகி, அடியில் நடந்து, பூச்சிப் புழுக்களுடன் வெளியே வந்தது. இவை ஸ்காண்டிநேவிய மலைகளில் கூடு கட்டி, உறையாத நீரைத் தேடி இங்கே வருபவை. ஆற்றின் பாய்ச்சல் மட்டுமே இவற்றுக்கு வேண்டும், நகரத்தால் இவற்றுக்கு ஆதாயமில்லை. இதைக் குறிப்பிடக் காரணம், நகரத்தில் தென்படும் பறவைகள் அனைத்தும் நகரத்தால் வாழ்பவை அல்ல என்பதுதான்.

செந்நிறச் சிறு பழங்கள் தரும் ரோவன் மரங்களில் இவ்வாண்டு பழம் குறைவு. இம்மரம் சில ஆண்டுகளுக்கு ஒரு முறையே கொத்துக் கொத்தாகக் காய்க்கும். காய்த்த ஆண்டில் வாக்ஸ்விங் பறவைகளும் ஃபீல்ட்ஃபேர் என்னும் பூங்குருவிகளும் தெற்கே போகாமல் நகரத்துச் சாலை மரங்களை மொய்க்கின்றன. காட்டிலும் ரோவன் உண்டு, ஆயினும் பூங்காக்களிலும் குடியிருப்புகளிலும் அழகுக்காக நட்ட மரங்களின் அடர்த்தி அங்கே இல்லை. அதற்கு ஒரு விலையும் இருக்கிறது. புளித்த பழத்தைத் தின்று தடுமாறும் வாக்ஸ்விங்குகள் பிர்ச் மரங்களைப் பிரதிபலிக்கும் கண்ணாடிச் சுவர்களில் மோதி விழுகின்றன.

கொம்பன் ஆந்தையைப் பார்க்கும் ஆசை நிறைவேறவில்லை. 2007 ஜூனில் பின்லாந்துக்கும் பெல்ஜியத்துக்கும் இடையே ஒலிம்பிக் அரங்கில் நடந்த கால்பந்துப் போட்டியின் நடுவே ஓர் ஆந்தை பறந்து வந்து கம்பத்தில் அமர்ந்ததால் ஆட்டம் நிறுத்தப்பட்டது. ‘பூபி’ என்று பெயர் பெற்ற அப்பறவையை அவ்வாண்டு இறுதியில் ஹெல்சின்கியின் சிறந்த குடிமகனாக அறிவித்தார்கள். இடம்பெயராத இந்த ஆந்தைகளைக் குளிர்காலத்தில் நகரத்திற்குள் நிறுத்தி வைப்பவை எலிகளும் புறாக்களும், வளர்ப்பிலிருந்து தப்பிப் பெருகிய முயல்களும்தான்.

வியாழன், தாம்பெரே

இரண்டு ஏரிகளுக்கு இடையே பதினெட்டு மீட்டர் சரிவில் இறங்கும் தாம்மெர்கொஸ்கி என்னும் நீரோட்டம் இந்நகரத்தின் நடுவே ஓடுகிறது. அதன் விசையை நம்பி 1820இல் எழுந்த ஃபின்லேசன் பருத்தி ஆலையில் 1882ஆம் ஆண்டு மார்ச் மாதம் மின்விளக்குகள் எரிந்தன. நார்டிக் நாடுகளில் மின்விளக்கு எரிந்த முதல் இடங்களுள் ஒன்று அது. பறவைகளின் குளிர்கால இரவைச் சுருக்கும் வேலை இந்தக் கரையில் அன்றே தொடங்கிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அணைகளாலும் விசையாலும் உறையாமல் கிடக்கும் கரும் நீரில் மல்லார்டு வாத்துகள் கூட்டமாக மிதக்கின்றன. ஆண்கள்தாம் பெரும்பான்மை. நடுநீரில் பொற்கண் வாத்துகள் சில முழுகி முழுகி எழுந்தன. இரண்டு இனங்களையும் ஒரே காரணத்தில் அடக்கிவிடக் கூடாது. பொற்கண் வாத்தும் குடுமி வாத்தும் பின்லாந்தில் குளிர்காலம் தங்குவது கடந்த சில பத்தாண்டுகளில் பெருமளவு கூடியிருப்பதற்கு முதன்மைக் காரணம் குளிர்காலத்தின் முற்பகுதி வெப்பமாகிவிட்டதும், கடலும் ஏரியும் தாமதமாக உறைவதும். மல்லார்டு வாத்தின் கதையில் அதனோடு மனிதக் கையும் சேர்கிறது. குழந்தைகளை அழைத்துக்கொண்டு ஓட்ஸ் பொட்டலத்துடன் கரைக்கு வருபவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரொட்டி வேண்டாம், தானியம் போடுங்கள் என்ற அறிவுரை ஓரளவு எடுபட்டிருக்கிறது. கடுங்குளிர் வாரங்களில் திறந்த நீர் சுருங்கும்போது இதே வாத்துகள் ஒரு சிறு குட்டைக்குள் நெருக்கப்படுகின்றன. இலையுதிர் காலத்தில் தங்கிவிட முடிவெடுத்த பறவைக்கு ஜனவரியில் தெற்கே பறக்கும் வலிமை எப்போதும் இருப்பதில்லை.

நகரத்தின் உணவு நிலையானதும் அல்ல. அங்கக் கழிவுகளைக் குப்பை மேடுகளில் கொட்டுவது பின்லாந்தில் 2016 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. சூழலுக்கு அது நல்ல முடிவு என்பதில் ஐயமில்லை. ஆனால் குப்பை மேட்டை நம்பிக் குளிர்காலத்தைக் கழித்த காகங்களுக்கும் கடற்காகங்களுக்கும், அங்கிருந்த எலிகளை நம்பிய கொம்பன் ஆந்தைகளுக்கும் பந்தி கலைந்துபோயிற்று.

வெள்ளி, ஔலு

இரயில் வடக்கே செல்லச் செல்ல ஊர்கள் அருகிப் போய், பைன் காடும் வெளிறிய வானமும் மட்டும் எஞ்சின. ஔலு அறுபத்தைந்தாம் அட்சரேகையில் இருக்கிறது. நான் இங்கே வர விரும்பியதற்குக் காரணம் ஒரு பறவை: பெரிய பட்டாணிக் குருவி. மேற்குத் தொடர்ச்சி மலையில் நாம் காணும் சாம்பல் பட்டாணிக் குருவி இதன் நெருங்கிய உறவு. முன்னர் இரண்டையும் ஒரே இனமாகவே கருதினார்கள், பின்னர் பிரித்தார்கள். நம் ஊர்க் குருவிக்கு மஞ்சள் வயிறு இல்லை, பதினெட்டு மணி நேர இரவும் இல்லை.

ஔலு பல்கலைக்கழகத்தின் மார்க்கு ஓரெல் இக்குருவியைப் பல பத்தாண்டுகள் காலில் அடையாள வளையமிட்டு ஆராய்ந்தவர். வடபகுதியில் இப்பறவைகளின் குளிர்காலப் பிழைப்பு மனிதர்கள் வைக்கும் தீனியைச் சார்ந்திருக்கிறது என்பதை அவர் 1989இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை எடுத்துரைத்தது. அதன் காரணம் பறவையின் பழக்கத்தில் இருக்கிறது. பெரிய பட்டாணிக் குருவி உணவைச் சேமித்து வைப்பதில்லை. அதே குடும்பத்தைச் சேர்ந்த வில்லோ பட்டாணிக் குருவியோ, கோடையின் பிற்பகுதியிலிருந்தே விதைகளையும் சிலந்திகளையும் மரப்பட்டை இடுக்கிலும் பாசியடியிலும் ஆயிரக்கணக்கில் ஒளித்து வைக்கிறது. குளிர்காலத்தில் இரண்டு முதிர்ந்த பறவைகளும் சில இளம் பறவைகளும் கொண்ட சிறு கூட்டமாகத் தன் எல்லைக்குள்ளேயே சுற்றி, அந்தச் சேமிப்பில் வாழ்கிறது. இரவில் உடல் வெப்பத்தைச் சில டிகிரி தாழ்த்தி எரிபொருளை மிச்சப்படுத்தவும் அதற்குத் தெரியும். சேமிப்பு காட்டில் இருப்பதால் அது காட்டைவிட்டு நகராது; தீனி மேடை தன் எல்லைக்குள்ளோ அதையொட்டியோ இருந்தால் மட்டுமே வரும்.

ஆக, ஒரே உணவை ஒரே நகரம் வைத்தாலும் இரண்டு உறவினர்களுக்கும் அது ஒன்றாகப் போய்ச் சேருவதில்லை. குளிருக்குப் பழகாத, தெற்கிலிருந்து பரவி வந்த பறவை நகரத்தால் வடக்கே நிலைபெற்றது. குளிருக்கென்றே தன் வாழ்க்கையை அமைத்துக்கொண்ட பறவை, காடு வெட்டப்படுவதாலும் சீர்செய்யப்படுவதாலும் குறைந்துகொண்டே வந்து, அருகிவரும் உயிரினங்களைத் தரவாரியாகக் குறிக்கும் பின்லாந்தின் 2019ஆம் ஆண்டுச் செம்பட்டியலில் அழியும் ஆபத்தில் உள்ள இனமாக இடம்பெற்றது. குளிர்காலக் கணக்கெடுப்பில் பெரிய பட்டாணிக் குருவியும் நீலப் பட்டாணிக் குருவியும் ஏறுமுகம். வில்லோவும் கொண்டைப் பட்டாணிக் குருவியும் இறங்குமுகம். இந்த நான்கையும் சேர்த்துப் ‘பட்டாணிக் குருவிகள் பெருகியுள்ளன’ என்று எழுதிவிடலாம், கூட்டுத்தொகை அளவில் அது பொய்யும் ஆகாது. படிப்பவருக்கு மட்டும் தவறான படம் கிடைக்கும்.

இதிலே இன்னொரு முடிச்சும் உண்டு. ஔலுவின் ஆய்வாளர்களே 2001இல் காட்டியபடி, இப்பகுதியில் பெரிய பட்டாணிக் குருவி தன்னால் வளர்க்க முடிவதைவிட அதிகமான முட்டைகளை இடுகிறது. குளிர்காலத்தைக் கடக்க நகரம் கைகொடுத்தாலும், கோடையில் வடக்கத்திக் காட்டின் குறைந்த புழு வளத்துக்கேற்பத் தன் குடும்ப அளவைச் சுருக்க அது இன்னும் கற்கவில்லை. ஜனவரியில் கிடைக்கும் சூரியகாந்தி விதை ஜூன் மாதத்துக் குஞ்சுக்கு உதவாது. நகரத்தின் உதவி ஆண்டின் ஒரு பருவத்தோடு நின்றுவிடுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்றை நான் அறியேன்.

சனி, ஔலு

கணக்கெடுப்பு நாள். பறவை ஆர்வலர் ஒருவரின் நான்கு மாடிக் குடியிருப்பின் முற்றத்தைப் பார்க்கும் சமையலறைச் சன்னல் எனக்கு ஒதுக்கப்பட்டது. வெளியே பிர்ச் மரத்தில் சூரியகாந்தி விதைக் குழலும், கம்பிக் கூட்டில் நிலக்கடலையும், கொழுப்புருண்டைகளும் தொங்கின. கொழுப்பை நெகிழி வலையில் தொங்கவிட்டால் பறவைகளின் நகம் சிக்கும் என்பதால் அவர் வலையைக் கிழித்துவிட்டுக் கூட்டுக்குள் போடுகிறார். தரையில் எதுவும் கொட்டுவதில்லை, எலி வரும்.

விடிந்ததும் முதலில் வந்தவை பெரிய பட்டாணிக் குருவிகள், பின்னர் நீலப் பட்டாணிக் குருவிகள். காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்த மேக்பை இணை ஒன்று கொழுப்பைக் கொத்திச் சென்றது. செந்நிற மார்புடைய புல்ஃபிஞ்ச் ஒன்று கிளையிலேயே அமர்ந்து தயங்கியது. முற்றத்தின் ஓரப் புதரில், செம்பழுப்புத் தலையும் கன்னத்தில் கரும்புள்ளியும் கொண்ட மரச்சிட்டுகள் இரைச்சலிட்டன. சில பத்தாண்டுகளுக்கு முன் பின்லாந்தில் அரிதாயிருந்த இவை இப்போது சாதாரணம். அவற்றோடு நம் ஊர்ச் சிட்டுக்குருவியைத் தேடினேன், ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. உலகெங்கும் மனிதர்களோடு ஒட்டி வாழும் அதே இனம்தான் இங்கேயும். குதிரை வண்டிகள் இருந்த காலத்தில் சிந்திய ஓட்ஸும், கிராமத்து மாட்டுத் தொழுவங்களின் கதகதப்பும் அதற்குக் குளிர்காலத்தைக் கடத்தித் தந்தன. கிறிஸ்துமஸ் சமயத்தில் ஓட்ஸ் கதிர்க்கட்டை முற்றத்தில் நட்டு வைக்கும் பழைய வழக்கமும் பெரும்பாலும் அதற்காகத்தான். தொழுவங்கள் மூடப்பட்டு, கட்டடங்களின் இடுக்குகள் அடைக்கப்பட்டு, எல்லாம் தூய்மையாகிவிட்ட பின் சிட்டுக்குருவி தேய்ந்தது.

பச்சை ஃபிஞ்ச் என்னும் விதை தின்னும் சிறு பறவை வரவில்லையா என்று கேட்டேன். “முன்பெல்லாம் அவை இந்த மேடையில் சண்டையிடும், மற்றவற்றை அண்டவிடாது, இப்போது ஒன்றிரண்டு வந்தால் எழுதி வைத்துக்கொள்கிறேன்” என்றார் வீட்டுக்காரர். தீனி மேடைகளின் உதவியால் பெருகிய அப்பறவையைத் தீனி மேடையே வீழ்த்தியது. தொண்டையில் புண்ணை உண்டாக்கி விழுங்க முடியாமல் செய்யும் டிரைக்கோமோனாஸ் என்னும் ஒட்டுண்ணி, 2005இல் பிரிட்டனில் ஃபிஞ்ச் பறவைகளிடையே பரவத் தொடங்கி, 2008இல் பின்லாந்தை எட்டியது. நோயுற்ற பறவை கக்கிய விதையை அடுத்த பறவை எடுக்கிறது. நூறு பறவைகள் ஒரே தட்டில் தின்னும் இடத்தில் நோய் பரவ வேறு வழி வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டுச் செம்பட்டியலில் சிட்டுக்குருவி, பச்சை ஃபிஞ்ச், வில்லோ பட்டாணிக் குருவி மூன்றும் ஒரே தரத்தில் நிற்கின்றன. முதல் இரண்டும் நகரப் பறவைகள். நகரம் தாங்கியது என்று சொல்லும்போது எத்தனை காலத்துக்கு என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

மணி முடியும் முன் குருவி வல்லூறு ஒன்று கட்டட மூலையிலிருந்து தாழப் பாய்ந்தது, பிடிக்கவில்லை. அடுத்த கால் மணி நேரம் முற்றம் காலியாக இருந்தது. வல்லூறும் பட்டியலில் சேர்ந்தது. மேடை சிறு பறவைகளைத் திரட்டுவதால் வல்லூறுகளும் தெற்கே போகாமல் நகரத்தில் தங்குகின்றன.

ஞாயிறு, ரொவானியெமி

ஆர்க்டிக் வட்டத்தின் விளிம்பிலுள்ள இந்நகரம் 1944இல் பின்வாங்கிய ஜெர்மானியப் படைகளால் ஏறக்குறைய முழுவதும் எரிக்கப்பட்டு, பிறகு ஆல்வார் ஆல்ட்டோவின் திட்டத்தில் மீண்டும் கட்டப்பட்டது. அதனால் பொந்துள்ள முதிய மரங்கள் நகர நடுவில் அரிது. பறவைகளுக்கு இந்நகரம் தருவதெல்லாம் கூரை, விளக்கு, தீனி.

லாப்லாந்து பல்கலைக்கழகத்தின் ஆர்க்டிக் மையத்தைச் சேர்ந்த யுக்கா யோக்கிமாக்கியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1990கள் முதல் பின்லாந்தின் பல நகரங்களில் குளிர்காலப் பறவைகளை எண்ணி வருகிறார்கள். தீனி வைக்கும் இடங்கள் கூடும்போது பறவைகளும் கூடுகின்றன என்பது அவர்களின் முடிவுகளுள் முக்கியமானது. ஊர் மாறினாலும் முன்னணியில் நிற்கும் பெயர்கள் பெரிதாக மாறுவதில்லை: பெரிய பட்டாணிக் குருவி, மேக்பை, சாம்பல் முதுகுக் காகம், மாடப்புறா, சிட்டு வகைகள். ஹெல்சின்கியிலிருந்து இங்கே வரும் எண்ணூறு கிலோமீட்டரில் காட்டின் பறவைகள் மாறிவிடுகின்றன, நகரத்தின் பறவைகள் அவ்வளவு மாறுவதில்லை. இதை நான் படித்திருந்தும், என் குறிப்பேட்டில் புதன்கிழமைப் பக்கத்தையும் இன்றைய பக்கத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது.

பிற்பகலில் ஆற்றுக்கு அப்பாலுள்ள ஔனஸ்வாரா குன்றின் காட்டில் நடந்தேன். பகல் ஆறு மணி நேரத்தை இன்னும் எட்டவில்லை. பனி சுமந்த ஸ்ப்ரூஸ் மரங்களுக்கிடையே நெடுநேரம் நடந்த பின் வில்லோ பட்டாணிக் குருவிகளின் கனத்த குரல் கேட்டது, அவ்வளவுதான். நகரத் தெருவில் ஐந்து நிமிடத்தில் பார்த்த பறவைகளைவிடக் காட்டில் இரண்டு மணி நேரத்தில் பார்த்தவை குறைவு. இதை வைத்து நகரம் பறவைகளுக்குக் காட்டைவிட நல்லது என்று சுற்றுலாப் பயணிகள் சிலர் முடிவுகட்டுவதை விடுதியில் கேட்டேன். அங்கே குறைவாக இருப்பவை அங்கே மட்டுமே இருக்கக்கூடியவை என்பதை அந்தக் கணக்கு விட்டுவிடுகிறது.

திங்கள், இனாரி

பேருந்தில் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் வடக்கே. இங்கே நகரம் என்று எதுவுமில்லை, ஏரிக்கரையில் ஓர் ஊர் மட்டும். இருந்தும் ஊரின் கடைசி வீட்டோடு மேக்பைகளும் முடிந்துவிடுகின்றன. தூரத்து வடக்கில் இப்பறவை மனிதக் குடியிருப்பை விட்டு அகல்வதில்லை.

என் கருத்தை நானே திருத்திக்கொள்ள வேண்டிய காட்சி ஒன்றும் இங்கே கிடைத்தது. பழுப்புத் தலையுடைய சைபீரியப் பட்டாணிக் குருவி, காக்கைக் குடும்பத்துச் சைபீரிய ஜே ஆகிய இரண்டும் அசலான வடக்கத்திக் காட்டுப் பறவைகள், உணவைப் பதுக்கி வைப்பவை. அவையும் ஊரோரத் தீனி மேடைக்கு வந்தன. வீடுகளின் பின்புறம் முதிய பைன் காடு தொடங்கிவிடுவதே காரணம். காடு வாசல்வரை வந்தால் காட்டுப் பறவையும் வாசல்வரை வருகிறது. அதே மேடையில் பெரிய பட்டாணிக் குருவியும் இருந்தது. ஜே கொழுப்பை வாய் நிறைய அள்ளிக்கொண்டு மரங்களுக்குள் போய்ப் பதுக்கிவிட்டு மீண்டும் வந்தது. பெரிய பட்டாணிக் குருவி ஒவ்வொரு விதையாக அங்கேயே உடைத்துத் தின்றது.

மேடையின் உரிமையாளரான மூதாட்டி பிப்ரவரியில் மகள் வீட்டுக்குத் தெற்கே போகிறார். இலையுதிர் காலத்தில் தீனி வைக்கத் தொடங்கினால் வசந்தம் வரும்வரை நிறுத்தக் கூடாது என்பது இந்நாட்டில் எல்லோரும் சொல்லும் விதி. “ஜே பற்றி எனக்குக் கவலையில்லை. இந்த மஞ்சள் வயிற்றுக்காரர்களுக்காகத்தான் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிறேன்” என்றார். இருபத்தைந்து கிலோ விதை மூட்டைகள் இரண்டு, வாசல் நடையில் இருந்தன. ஏப்ரல் வரை போதுமா என்று கேட்டதற்கு, மூன்றாவது மூட்டைக்கு இவாலோவில் உள்ள கடையில் சொல்லி வைத்திருப்பதாகச் சொன்னார்.